ஏரி மீன் எழுதிவைத்த கணக்கு

சித்த மருத்துவ நூல்கள் பாதரசத்தைச் ‘சூதம்’ என்றும் ‘ரசம்’ என்றும் குறிக்கின்றன. நெருப்பில் நில்லாது ஓடிவிடும் அதனைக் கட்டி மணியாக்குவதைச் சித்தர் மரபு அரிய செயலாகப் போற்றியது. கட்டப்படாத பாதரசம் எங்கே போய்ச் சேருகிறது என்னும் வினாவுக்கு அறிவியல் விடை கண்டதோ 1960களில்தான். அவ்விடையைத் தந்தவற்றுள் முதன்மையானவை ஏரி மீன்கள்.

1950களில் சுவீடனில் விதையுண்ணும் பறவைகள் வயல்களில் மடிந்து விழுந்தன. விதைகளில் பூசப்பட்ட மெதில் பாதரச மருந்தே காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த பழைய பறவைகளின் இறகுகளை அந்நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து, 1966இல் முடிவுகளை வெளியிட்டனர். வல்லூறு இனப் பறவைகளின் இறகில் ஏறத்தாழ நூறாண்டுகள் மாறாதிருந்த பாதரச அளவு, 1940க்குப் பின் பத்து மடங்குக்கும் மேலாக உயர்ந்திருந்தது.

ஏரிகளில் இன்னொரு புதிர் காத்திருந்தது. ஆலைகள் நீரில் கழித்தவை பெரும்பாலும் வேறு வடிவப் பாதரசங்கள்; பைக் மீன்களின் தசையில் இருந்ததோ மெதில் பாதரசம். சோரன் யென்சன், அர்னே யெர்னெலோவ் என்னும் இருவர், அடிவண்டலில் வாழும் நுண்ணுயிர்களே இம்மாற்றத்தைச் செய்கின்றன என்று காட்டி, 1969இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். நுண்பாசியில் தொடங்கிச் சிறு மீன், பெரு மீன் என்று படிதோறும் இந்நஞ்சு செறிகிறது. மூத்த வேட்டை மீனின் உடலில் நீரில் உள்ளதைப் போல் பத்து இலட்சம் மடங்கையும் எட்டக்கூடும். தசைப் புரதத்தோடு பிணைந்துவிடுவதால் கழுவினாலும் சமைத்தாலும் அது நீங்குவதில்லை.

இதன் விலையைக் கொடுத்தோர் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்துத் தொல்குடியினர். டிரைடன் நகரில் காகித ஆலையைச் சார்ந்த வேதியியல் ஆலை ஒன்று, 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9 டன் பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் விட்டது. 1970இல் மீன்பிடித் தொழில் தடை செய்யப்பட்டது. கிராசி நாரோஸ் மக்கள் உணவை இழந்தனர், பிழைப்பையும் இழந்தனர். 1975இல் அங்கு வந்த ஜப்பானிய மருத்துவர் மசாசுமி ஹராடா, மினமாட்டா நோயின் அறிகுறிகளை அவர்களிடம் கண்டார். ஆறு சென்று சேரும் கிளே ஏரியின் மீன்களில், அரை நூற்றாண்டு கடந்தும் பாதரசம் முற்றத் தணியவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். 1863இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரிக்கு அணித்தே, 1980களின் தொடக்கத்தில் வெப்பமானி ஆலை ஒன்று எழுந்தது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலை அது. பாதரசம் படிந்த உடைகண்ணாடிக் குவியல் பழைய இரும்புக் கடையில் கண்டெடுக்கப்பட்டதை அடுத்து, 2001இல் அது மூடப்பட்டது. 2006இல் வெளியான ஆய்வொன்று கொடை ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகிய மூன்றிலும் பாதரசத்தைக் கண்டது. பேரிஜம், குக்கல் ஏரிகளின் நீரைக் காட்டிலும் கொடை ஏரி நீரில் அது மிகுந்திருந்தது. ஆலைக்கு வெளியே குறிப்பிடத்தக்க பாதிப்பில்லை என்பது நிறுவனத்தின் வாதம். 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது.

இவ்விரு கதைகளையும் ஆண்டுவரிசையில் வைத்து நோக்கும்போதுதான் நம்மை ஓர் உண்மை உறுத்துகிறது. வண்டல் பாதரசத்தை என்ன செய்யும் என்பதை 1969ஆம் ஆண்டிலேயே உலகம் அச்சில் படித்துவிட்டது. கொடைக்கானலில் ஆலை எழுந்தது அதற்குப் பத்தாண்டுகளுக்கும் பிறகு. அறியாமையால் நேர்ந்தது என்று இதனை நாம் எழுத முடியாது. அறிவு இருந்தது, அது மலையேறவில்லை. ஆலையின் கதவை ஒரே நாளில் பூட்டிவிட முடிந்தது. வண்டலுக்கு அவ்வாறு பூட்டுப் போட இயலாது. அதன் கணக்கை மீன்கள் இன்னும் நெடுங்காலம் சுமக்கும்.