மணலும் வானொலியும் திரையும்: கல்விக் கருவி பற்றிய ஒரு வரலாற்று ஆய்வு

திருச்சிராப்பள்ளி நகரில் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சூழ்ந்த பகுதி கல்விக்குப் பெயர் பெற்றது. 1844ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் தோன்றிய தூய வளனார் கல்லூரி 1883இல் இந்நகர்க்குக் குடிபெயர்ந்தது. மகளிர்க்கென ஹோலி கிராஸ் கல்லூரி 1923இல் அமைந்தது. முசிறி, துறையூர், மண்ணச்சநல்லூர் முதலாய ஊர்ப்பக்கங்களிலிருந்து பேருந்தேறி வரும் மாணவர் நாள்தோறும் இந்நிலையத்தில் வந்து இறங்குகின்றனர். 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுக் குறியீடு என்னும் கட்டமொன்று அச்சிடப்பட்டுள்ளது. கைப்பேசியை அதன்மேற் காட்டின் பாடம் காணொளியாக விரியும். இதனைக் கல்வியுலகில் முன்னெப்போதும் இல்லாத புதுமை என்பார் பலர். அக்கூற்று எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை வரலாற்று நெறி நின்று ஈண்டு ஆராய்வாம்.

ஆராய்ச்சிக்கு அளவுகோல் ஒன்று வேண்டும். பாடம் மாணவனைச் சென்றடைதல் ஒன்று. அவன் கற்றதும் கல்லாததும் கற்பிப்பார்க்குப் புலனாதல் மற்றொன்று. முன்னதைக் கருவிகள் எளிதிற் செய்தன. பின்னதை எக்கருவி செய்தது என்பதே எம் வினா.

திண்ணைப் பள்ளியின் முதற்கருவி மணல். பரப்பிய மணலில் சிறுவன் விரலால் எழுத்தை வரைவான். வரையும்போதே வாயால் ஒலிப்பான். ஓலையில் எழுத்தாணி கீறியது அழியாது. மணலிற் பிழைத்தது கையால் தடவிய அளவில் மறையும். ஆதலின் பிழை செய்து பயில்வார்க்கு மணலினும் ஏற்ற கருவி இல்லை. செலவும் இல்லை. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரிடம் பாடம் கேட்பான். கேட்டபின் ஆசிரியரிடம் ஒப்புவிப்பான். ஆசிரியர் ஒருவரே ஆயினும், ஒவ்வொரு சிறுவனும் நாள்தோறும் யாரேனும் ஒருவர்க்கு விடையிறுத்தே தீர வேண்டும். இம்முறையின் உயிர்நிலை இதுவே என்பது எம் துணிபு.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தந்தையார் சிதம்பரம் பிள்ளை, இத்திருச்சிப் பகுதியைச் சேர்ந்த அதவத்தூரில் இத்தகைய பள்ளி நடத்தியவர். 1815இல் பிறந்த மகாவித்துவான் தந்தையாரிடமே முதற்கல்வி பெற்றார். பின்னர்த் தண்டியலங்காரம் கற்க விழைந்து, அந்நூலறிந்த பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளித் தெருக்களில் இரந்து வருங்கால் அவரோடு உடன் நடந்து பாடம் கேட்ட செய்தியை உ. வே. சாமிநாதையர் தாம் எழுதிய வரலாற்றில் குறித்துள்ளார். சுவடி அரிதாயிருந்த காலம் அது. எனினும் சுவடி கிடைத்தால் மட்டும் போதும் என்று அவர் அமையவில்லை; ஐயம் வினவுதற்கு ஆள் வேண்டியிருந்தது.

இனி, இம்மணல் கடல் கடந்த வரலாற்றைக் காண்போம். ஸ்காட்லாந்து நாட்டவராகிய ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆண்மக்களுக்கென ஏற்பட்ட காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். தமிழ்ச் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். ஆங்கிருந்த ஆசிரியர் இணங்காமையின், எட்டு அகவைச் சிறுவனாகிய ஜான் பிரிஸ்கின் என்பானிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார், முயற்சி பலித்தது. 1797இல் இலண்டனில் இதனை அவர் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் இது சென்னை முறை என்றே வழங்கிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. பெல் மணல் எழுத்தைக் கண்ட பள்ளி மலபார்ப் பள்ளி என்று குறிக்கப்பெறுவதால் அது மேலைக் கடற்கரையினது என மயங்கற்க; அக்கால ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் அப்பெயராலேயே சுட்டினர்.

கல்வி வரலாறு எழுதுவோர் பலரும் இம்முறையின் சிக்கனத்தையே போற்றுவர். ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கானோரைக் கற்பிக்கலாம் என்பது இங்கிலாந்தில் அதற்கு ஏற்பட்ட பெருமை. நாளடைவில் அதன் கேடும் அதுவே ஆயிற்று. எண்ணிக்கை பெருகப் பெருக, மறுமொழி வெறும் கூட்டொலியாகச் சுருங்கியது.

திண்ணைப் பள்ளியைக் குறையற்றது எனப் போற்றுதலும் வரலாறாகாது. சர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கி எடுப்பித்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. எண் பெரிதே. ஆயினும் அவற்றிற் பயின்ற பெண்மக்கள் மிகச் சிலர். தீண்டாமைக்கு ஆட்பட்டோர்க்குத் திண்ணையின் வாயில் பெரும்பாலும் அடைத்தே கிடந்தது.

ஒலியலைக்கு அத்தகைய வாயில் இல்லை. வானொலி கல்விக் கருவியாக வந்தபோது அறிஞர் கொண்ட ஆர்வத்திற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் 1924இல் பள்ளிகளுக்கு ஒலிபரப்பத் தொடங்கிற்று. சென்னை மாநகராட்சி 1930இல் ஏற்படுத்திய வானொலி, தன் பள்ளிச் சிறுவர்க்கு மாலையில் இசைப்பாடமும் கதையும் வழங்கியது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் எழுந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது இந்தியாவிற்கு எஞ்சிய நிலையங்கள் ஆறே. அவற்றுள் இதுவும் ஒன்று. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, இலட்சுமணபுரி ஆகிய பெருநகரங்களோடு திருச்சி வைத்து எண்ணப்பட்டமை இந்நகர்க்குரிய தனிச்சிறப்பு.

வானொலிப் பாடத்தின் இயல்பை உற்றுநோக்குதல் வேண்டும். அது குறித்த பொழுதில் ஒலிக்கும். பள்ளியின் பாடவேளை அதற்கு வளைந்து கொடுத்தல் வேண்டும். விளங்காத இடத்தில் நிறுத்தி வினவ இயலாது. எனவே ஒலிபரப்பிற்கு முன் பொருளை அறிமுகம் செய்து, பின் வினா எழுப்பி விடை பெறும் வகுப்பாசிரியர் இல்லாவிடத்து அது வெறும் ஓசையாய் ஒழிந்தது. பிரித்தானிய ஒலிபரப்பினர் பள்ளிகளுக்கெனத் தனிக் குறிப்பேடுகள் அச்சிட்டு விடுத்தமை இக்குறையை அவர் உணர்ந்திருந்தமைக்குச் சான்றாகும். கருவியிடத்து இல்லாத செவியை ஆசிரியர் ஈந்தார் எனலாம்.

தொலைக்காட்சியும் செயற்கைக்கோளும் ஒலியோடு உருவைச் சேர்த்தன. போக்கு ஒருவழிப் போக்காகவே நின்றது. கணினியே இருவழிக்கு இடம் தந்தது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் பயனாய்த் தமிழ் விசைப்பலகை ஒரு தரம் பெற்றது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2011இல் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. தமிழில் வினவித் தமிழில் விடை பெறுதற்குரிய கருவி அனைத்தும் இவ்வாறு அமைந்தன.

இவ்வமைப்பைச் சோதித்தது 2020ஆம் ஆண்டு. பெருந்தொற்றால் மார்ச்சுத் திங்களிற் பள்ளிகள் மூடப்பட்டன. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பிற்று. வசதியுடைய பள்ளிகளில் ஆசிரியரும் மாணவரும் இணையவழி நேர்நின்று உரையாடினர். ஏனையோர் இல்லங்களில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையுடன் வேலைக்குச் சென்றது. அக்குழந்தைகளுக்குத் தொலைக்காட்சியே பள்ளி. ஈண்டு 1930களின் வானொலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: அன்று பெட்டியின் அருகே ஆசிரியர் நின்றார்; இன்று அவ்விடம் வெறிதாயிருந்தது. பாடம் வீடுதோறும் சென்றது. அதனைக் கேட்ட சிறுமி எந்த எழுத்தில் தடுமாறினாள் என்பதை அறிவார் இல்லை. தொண்ணூறு ஆண்டு முன்னேற்றத்தின் பின்னர், எளிய இல்லத்துக் குழந்தை வானொலிக் காலத்தினும் பின்தங்கிய நிலையில் விடப்பட்டது என்று கூறுதல் மிகையன்று.

ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளன்றே மீண்டும் திறந்தன. அதற்குச் சில நாள் முன்னர், அக்டோபர் 27இல், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. தன்னார்வலர் ஒருவர்க்கு இருபது குழந்தைகள் என்பது அதன் கணக்கு. மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. அவர்கள் குழந்தைகளின் குடியிருப்பிலேயே கூடிக் கற்பித்தனர். பலர் அவ்வூர்ப் பெண்கள். சட்டாம்பிள்ளை செய்த பணியையே இவர்களும் செய்தனர். அன்று திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் மக்களும் இம்முறை உள்ளே அமர்ந்து விடை கூறினர்.