ஈம் ஊரின் எல்லைக்கல்

இங்கிலாந்தின் டாபிஷயர் மலைப்பாங்கிலே ஈம் என்றொரு சிற்றூர். தமிழறிந்தார்க்கு ஈமம் நினைவில் எழும், ஒலியொற்றுமை தற்செயலே. 1665 இல் இலண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோயும் வந்ததென்பர். மறு ஆண்டு யூனில், அயலூர்களுக்கு அது பரவாதிருக்க, ஊரவர் தம்மைத் தாமே எல்லைக்குள் அடைத்துக்கொண்டனர். அயலார் உணவை எல்லையில் வைத்துச் செல்வர். விலையோ எல்லைக்கல்லின் குழிகளில் வினாகிரியிலிட்ட நாணயம்.

இளங்குருவானவர் மொம்பெசனின் சொல்லுக்கு மட்டும் ஊர் இணங்கியிருக்குமா? ஐயமே. அரச திருச்சபை விதிக்கு இணங்க மறுத்துப் பதவியிழந்த ஸ்ரான்லியிடமே பலருக்கும் பற்று. அவரும் பிணக்கை ஒதுக்கிவைத்துப் பக்கத்தில் நின்றார். வழிபாடு திறந்த வெளியில் நடந்தது. ஹன்கொக் என்ற பெண் எட்டு நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். மொம்பெசன் தம் மனைவியைப் பறிகொடுத்தார். மாண்டோர் ஏறத்தாழ 260 பேர்.

ஆண்டுதோறும் ஓகஸ்ற் இறுதி ஞாயிறன்று ஊரவர் அதே வெளியிலே கூடுகின்றனர்.