ஏழாவது இனம்: தொடக்கப் பள்ளியில் உடற்கல்வி யாருடைய பொறுப்பு?

கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியின் உடற்கல்வியைக் கைவிட்டுவிட்டது என்ற முடிவு நம் துறையில் விவாதத்துக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் இறுதியில் உள்ள அட்டவணை. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால் கலைக்கல்வி, உடல்நலம்–உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்று அட்டவணையின் முதல் இனம் விதிக்கிறது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. ஆகவே தொடக்க நிலையில் உடற்கல்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை, தொடக்கப் பள்ளிதோறும் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் உருவாகும்வரை எதுவும் நடக்காது என்று வாதம் முடிகிறது. இந்த வாசிப்பு பிழையானது என்பதே என் கருத்து. இதை முன்வைப்போரின் அக்கறையை நான் ஐயுறவில்லை. அட்டவணையின் முதல் இனத்தோடு அவர்கள் நின்றுவிட்டார்கள் என்பதுதான் என் குறை.

அட்டவணையில் ஏழு இனங்கள் உள்ளன. ஆசிரியர் எண்ணிக்கை முதலாவது. கட்டடம் இரண்டாவது, விளையாட்டுத் திடல் அதற்குள் வருகிறது. வேலை நாட்களும் கற்பித்தல் மணிகளும் மூன்றாவது, ஆசிரியரின் வார வேலை நேரம் நான்காவது, கற்றல் கற்பித்தல் கருவிகள் ஐந்தாவது, நூலகம் ஆறாவது. விளையாட்டுப் பொருட்களும் உபகரணங்களும் ஏழாவது. இந்தக் கடைசி இனம் ஒரே வரியில் முடிந்துவிடுவதால் யாரும் அதில் நிற்பதில்லை. ஆனால் அந்த வரி சொல்வது இது: விளையாட்டுப் பொருட்கள் ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ப வழங்கப்பட வேண்டும்.

ஒவ்வொரு பள்ளிக்கும் என்று அங்கே இல்லை. தற்செயலாக எழுதப்பட்டது என்று தள்ளிவிட முடியாதபடி அதற்கு முந்தைய இனமே தடுக்கிறது. நூலகத்தைப் பற்றிச் சொல்லும்போது சட்டம் பள்ளிக்கு ஒன்று என்கிறது. கற்றல் கற்பித்தல் கருவிகளைப் பற்றிச் சொல்லும்போது வகுப்புக்கு என்கிறது. விளையாட்டுப் பொருட்கள் நூலகத்துக்கு அடுத்த வரியில் வந்தாலும், பின்பற்றுவது ஐந்தாவது இனத்தின் முறையைத்தான். அதாவது பந்தும் கயிறும் சட்டத்தின் கணக்கில் வரைபடமும் மணிச்சட்டமும் இருக்கும் இடத்தில் இருக்கின்றன; வகுப்பு ஆசிரியரின் கைக்கு எட்டும் தூரத்தில். இந்த இனம் 1 முதல் 5, 6 முதல் 8 என்று பிரிக்கப்படவும் இல்லை. ஆசிரியர் எண்ணிக்கையிலும் வேலை நாட்களிலும் அந்தப் பிரிவை அத்தனை கவனமாகச் செய்த சட்டம் இங்கே செய்யவில்லை. முதல் வகுப்புக் குழந்தைக்கும் எட்டாம் வகுப்புக் குழந்தைக்கும் இதில் உரிமை ஒன்றே.

இதோடு 29ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாடத்திட்டம் எதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று பட்டியலிடும் அப்பிரிவு, குழந்தையின் உடல், மன ஆற்றல்கள் முழு அளவுக்கு வளர்வதை அதில் சேர்த்திருக்கிறது. அப்படியென்றால் மூன்றாவது இனம் தொடக்க நிலைக்கு விதிக்கும் ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணிகள் என்ற கணக்குக்குள் உடற்கல்வி அடங்கும் என்றே கொள்ள வேண்டும். சராசரி நாளுக்கு நான்கு மணி நேரம்; நம் தொடக்கப் பள்ளிகளின் வேலை நேரத்தில் இது தாராளமாக நிறைவேறிவிடும். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு உடல்நலம்–உடற்கல்வியைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயப் பாடமாகப் பரிந்துரைத்திருந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தனி ஆசிரியர் பெயர் தொடக்க நிலையில் இல்லாததை இப்போது வேறு விதமாகப் பார்க்கலாம். தொடக்க நிலையில் கணக்குக்கும் தனி ஆசிரியர் இல்லை, தமிழுக்கும் இல்லை. மேல் வகுப்புகளில் அறிவியல்–கணிதம், சமூக அறிவியல், மொழிகள் என்று பெயர் சொல்லி ஆசிரியர் கேட்கும் அதே அட்டவணை, 1 முதல் 5 வரை தலைகளை மட்டுமே எண்ணுகிறது: அறுபது குழந்தைகள்வரை இரண்டு ஆசிரியர்கள், தொண்ணூறுவரை மூவர். இதைக் காட்டித் தொடக்க நிலையில் கணக்குக்கு இடமில்லை என்று யாரும் வாதிடுவதில்லை. உடற்கல்விக்கு மட்டும் அந்த வாதம் எப்படிப் பொருந்தும்? வகுப்பு ஆசிரியர் எல்லாவற்றையும் கற்பிப்பவர் என்ற அடிப்படையில்தான் தொடக்க நிலை முழுவதும் நிற்கிறது.

இந்த எளிய விஷயம் கண்ணில் படாமல் போனதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கலாம். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதிலிருந்து நம்மிடையே உடற்கல்வி என்றால் அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர், விசில், அணி, போட்டி என்ற உருவம் நிலைபெற்றது. அது உயர்நிலைப் பள்ளிக்குப் பொருந்திய உருவம். அதன் பயனை மறுக்கவில்லை. அந்த அளவுகோலைக் கொண்டு தொடக்கப் பள்ளியை அளந்ததால்தான் அங்கே வெற்றிடம் தெரிந்தது.

இந்த வாசிப்பு நடைமுறையில் எங்கே கடிக்கிறது என்று பார்ப்போம். 2018இல் வந்த சமக்ர சிக்ஷா திட்டம் விளையாட்டு உபகரணங்களுக்கு ஆண்டு மானியத்தை வகுத்தது: தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், உயர் தொடக்க நிலைக்கு 10,000 ரூபாய். சட்டம் வகுப்பைக் கணக்கின் அலகாக வைத்தது. திட்டம் பள்ளியை அலகாக வைத்துக்கொண்டது. ஐந்து வகுப்புகளுக்குப் பிரித்தால் வகுப்புக்கு ஆயிரம் ரூபாய். குழந்தைகள் முப்பது பேரானாலும் முந்நூறு பேரானாலும் அதே தொகை. தேவைக்கேற்ப என்ற சட்டத்தின் நிபந்தனை இந்தச் சமத் தொகையில் காணாமல் போய்விட்டது. பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் யூடைஸ் படிவமும் பள்ளிக்குத் திடல் உண்டா என்று கேட்கிறது. மூன்றாம் வகுப்பு இந்த வாரம் விளையாடியதா என்று கேட்பதில்லை.

விளைவை இரண்டு ஆசிரியர் பள்ளி ஒன்றுக்குள் போனால் பார்க்கலாம். உபகரணங்கள் தலைமை ஆசிரியர் அறையில், பதிவேடுகள் இருக்கும் அதே இரும்பு பீரோவில் இருக்கும். இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதால் பந்து வெளியே வருவது அபூர்வம். வருகிற பந்தும் பெரியவர்கள் ஆடும் அளவிலான வாலிபால். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றிடம் அதை வீசிப் பாருங்கள்: முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துப் பிடிக்க முயலும். பந்து விழும், குழந்தை தனக்கு விளையாட வராது என்று அன்றே முடிவு செய்துவிடும். அதே குழந்தையிடம் துணிப்பந்தை மூன்றடி தூரத்திலிருந்து மெல்லத் தூக்கிப் போட்டால் சில நாட்களில் கண்ணைத் திறந்து உள்ளங்கையில் பிடிக்கும். பிறகு ஓரடி தள்ளி நிற்கலாம். இந்த வயதில் உடற்கல்வி என்பது பெரும்பாலும் இதுதான்: பிடித்தல், எறிதல், ஒற்றைக் காலில் நிற்றல், தாவுதல், திசை மாறி ஓடுதல். நொண்டியும் பாண்டியும் பச்சைக்குதிரையும் இவற்றையெல்லாம் செலவில்லாமல் தருகின்றன. எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதை நாள்தோறும் உடனிருக்கும் வகுப்பு ஆசிரியரே அறிவார். வாரத்தில் மூன்று அரை நாள் வந்து போகும் பகுதிநேர ஆசிரியருக்கு அதற்கு வாய்ப்பு எங்கே?

அப்படி வருபவர்களின் நிலையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2012இல் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் இன்றும் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். அவர்கள் கோரிக்கை நியாயமானது. அதைத் தொடக்க நிலை உடற்கல்வியின் தீர்வாக மாற்றிச் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

வகுப்பு ஆசிரியருக்கு இதில் பயிற்சி இல்லை என்பார்கள். ஆசிரியர் பட்டயப் படிப்பில் உடற்கல்வியும் இருக்கிறது, போதாதென்றால் கூட்டலாம். வேலைச்சுமை என்பார்கள். நான்காவது இனத்தின் வாரம் 45 மணி நேரத்துக்குள் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப் போவதும் அடங்கும். அவருக்குச் சுமை வேறு இடங்களிலிருந்து வருகிறது.

பொருட்படுத்த வேண்டிய மறுப்பு ஒன்றுண்டு. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளியில் வகுப்புக்கு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கலாம். அட்டவணை இங்கே தனக்குத்தானே முரண்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டுப் பொருளை வகுப்புதோறும் தரச் சொல்லும் சட்டம், ஆசிரியரை வகுப்புதோறும் தரவில்லை. ஆனால் இந்த முரண் என் வாசிப்பைப் பலவீனப்படுத்தவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்பதை அதுவே காட்டுகிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு மூன்றாவதாக உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை அனுப்பினால், மறுநாளே அவர் நான்காம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆகவே உடற்கல்வியில் அக்கறையுள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டியது தொடக்கப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர். 20ஆம் பிரிவின்படி அட்டவணையை அறிவிக்கை மூலமே திருத்த மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. நாடாளுமன்றத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை. அதுவரை காத்திராமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஏழாவது இனம் இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம். விளையாட்டு மானியத்தைப் பள்ளிக்கு இவ்வளவு என்பதை விட்டு வகுப்புக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கணக்கிட்டு, வாங்கிய பொருளை வகுப்பு ஆசிரியரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இந்த ஆண்டே தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம்.