மூடிக்குள் மறைந்த உழைப்பு

மணிக்கூட்டின் முகத்தை நோக்குவோர் பலர். அதன் முதுகைத் திறந்து நோக்குவோர் மிகச் சிலர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், பாட்டனார் காலத்துச் சட்டைப்பைக் கடிகாரத்தைப் பேழையிற் பூட்டிவைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கலாம். ஓடாது நின்றுபோன அக்கடிகாரம் பொன் வாங்கும் கடைக்குப் போனால் அதன் உறை நிறுக்கப்படும், பின்பு உருக்கப்படும். உள்ளிருக்கும் பொறியோ குப்பைக்குச் செல்லும். நிறுக்கக்கூடிய உலோகத்துக்கு விலை, நிறுக்கவியலாத உழைப்புக்குக் குப்பை என்பது சந்தையின் நீதி. வரலாறு அந்நீதியை ஏற்கலாமா?

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கடிகாரம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பொன்முலாம் பூசிய பித்தளைத் தகடு ஒளிவிடும். அதன்மீது, இருபுறமும் ஊசலாடும் சமநிலைச் சக்கரத்தைக் காத்துநிற்கும் சிறு தகட்டில், கொடியும் இலையும் பூவும் துளைத்துச் செதுக்கப்பட்டிருக்கும். தீயில் வாட்டி நீலமேற்றிய உருக்குத் திருகாணிகள் மின்னும். ஓரத்தில் இலண்டன் வணிகர் ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அப்பெயருக்குரியவரே இவ்வளவையும் செய்தார் என்று காண்போர் எண்ணுவர். அது உண்மையன்று.

அக்காலக் கடிகாரங்கள் பலவற்றின் முடிவுறாப் பொறிகள், லங்காஷயரின் பிரெஸ்கொட் வட்டாரத்துக் குடிசைகளில் உருவாயின. இலண்டனிலும் கொவென்ட்ரியிலும் அவை நிறைவுசெய்யப்பட்டன. செய்தவர் பெயரன்று, விற்றவர் பெயரே தகட்டில் ஏறியது.

உள்ளே இன்னும் நுட்பமான ஒன்றுண்டு. முறுக்கிய சுருள்வில் முதலில் வலிதாகவும், தளரத் தளர மெலிதாகவும் இழுக்கும். அவ்வேறுபாட்டைச் சமன்செய்யக் கூம்புவடிவச் சக்கரமொன்றும், அதைச் சுற்றும் நுண்சங்கிலியும் அமைத்தனர். ஒரு சாண் நீளங்கூட இல்லாத அச்சங்கிலியில் நூற்றுக்கணக்கான கண்ணிகள் உண்டு. தென் இங்கிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் ஊரில், 1790களிலிருந்து, பெண்களும் ஏழையர் விடுதிச் சிறுமியருமே அவற்றைக் கோத்தனர். செல்வர் ஒருவரின் சட்டைப்பையில் ஒலித்தது அச்சிறுமியர் கண்ணொளியின் தேய்வு.

முலாமின் கதையும் அதுவே. பொன்னைப் பாதரசத்தில் கலந்து பித்தளைமேல் தடவி, தீயிற் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கினர். பொன் தகட்டில் தங்கியது. நஞ்சு தொழிலாளியின் உடலில் தங்கியது. அத்துன்பத்தைக் கண்ட பாரிஸ் வெண்கல வேலைப்பாட்டாளர் ராவ்ரியோ, அதைத் தடுக்க வழி காண்போருக்குப் பரிசாக 3,000 பிராங்கை எழுதிவைத்து 1814இல் மறைந்தார். நச்சுப்புகையை வெளியேற்றும் உலையை அமைத்த வேதியியலார் டார்சே 1818இல் அப்பரிசைப் பெற்றார்.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், தொழிற் பிரிவினையை விளக்க மார்க்ஸ் கடிகாரத்தையே எடுத்துக்கொண்டது தற்செயலன்று. வில் செய்வோர், முகப்புச் செய்வோர், கல் துளைப்போர், திருகாணி செய்வோர், முலாம் பூசுவோர் என அவர் தரும் பட்டியல் நீள்கிறது. முன்னர் ஒரு கைவினைஞனின் தனிப்படைப்பாயிருந்தது, எண்ணற்ற பகுதித் தொழிலாளரின் கூட்டுப்படைப்பாயிற்று என்பதே அவர் காட்டிய உண்மை.

அந்த அழகு கீழ்த்திசைச் சந்தைக்கும் அனுப்பப்பட்டது. சுவிற்சர்லாந்தின் பிளெரியே ஊரினரான போவே சகோதரர் 1822இல் நிறுவிய வணிக இல்லம், பொறி முழுதும் பூவேலை செதுக்கி, வாங்குவோர் காணும்படி உள்மூடியைக் கண்ணாடியாக்கிச் சீனத்துக்கு விற்றது. அபின் வணிகம் ஓங்கிய அதே கன்ரன் துறைமுகமே அவற்றின் வாயில்.

நம் நாட்டுக்கோ, மணிக்கூடு அழகுப்பொருளாக மட்டும் வரவில்லை; ஆட்சியின் கருவியாகவும் வந்தது. கொழும்புக் கோட்டையில் 1857இல் மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. ஆலைச் சங்கும் தோட்டத்துத் தப்பும் உழைப்பாளியின் நாளை அளந்தன. காலையில் மணிக்கூட்டை முன்னே தள்ளியும் மாலையில் பின்னே இழுத்தும் ஆலை முதலாளிகள் நேரத்தைத் திருடியதை, ஸ்கொட்லாந்தின் டண்டி நகர் ஆலைச் சிறுவனொருவனின் வாழ்க்கை வரலாறு 1850இலேயே பதிவு செய்துள்ளது. உழைப்பாளிக்குக் கடிகாரம் வைத்திருப்பதே அங்கு அச்சமாயிற்று. தம் நேரத்துக்கும் கூலிக்கும் தாமே கணக்குக் கேட்கும் துணிவு நம்மிடையேயும் பிறந்தது. 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுடன் நின்றார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுமுன் இடதுசாரிகள் கற்ற பெரும் பாடம் அது. அந்த ஆலை இன்று இல்லை.

ஆகவே பழைய பொறியைப் புதுப்பித்தல் பொழுதுபோக்கு மட்டுமன்று. வரலாற்றுச் சான்றைக் காத்தலுமாம். முலாம் மிக மெல்லியது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவன், நஞ்சுண்டு பூசியவனின் வேலையை அழிக்கிறான். பொறியைப் பிரித்து, மென்மையாகக் கழுவி, அச்சுத் துளைகளைக் கூரிய மரக்குச்சியால் துடைத்து, துளி எண்ணெயிட்டால் பெரும்பாலும் போதும். உடைந்த உறுப்புக்குப் புதியதொன்று செய்தால், புதியதென்று குறித்துவைத்தலே நேர்மை.

உறையின் உட்புறத்தையும் உற்றுநோக்க வேண்டும். பழுதுபார்த்தவர்கள் ஊசியாற் கீறிய சிறு குறிகளும் ஆண்டுகளும் அங்கே காணப்படுவதுண்டு. வணிகரின் பெயர் ஆழச் செதுக்கப்பட்டது. தொழிலாளியின் குறியோ மெல்லக் கீறப்பட்டது. உறையை உருக்கினால் திருத்திய கை மறையும். பொறியை எறிந்தால் படைத்த கை மறையும்.

ஆசிரியர்கள் இத்தகைய பொறியொன்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லட்டும். தாங்கிக் கற்களாகிய மாணிக்கத்தைக் காட்டி, இரத்தினபுரிச் சேற்றிலிருந்து நம் தொழிலாளர் அகழும் நீலமும் அதே கனிமம் என்று சொல்லட்டும். ‘இது யாருடையது?’ என்று மாணவர் கேட்பர். ‘இதைச் செய்தவர் யார்?’ என்று கேட்க அவர்களைப் பழக்குவதே வரலாற்றுக் கல்வி.