எண்ண முடியாத வாசகர்: ஒரு இலவசக் கருவியின் வரலாறு

எண்ணுவது வெறும் கணக்கு அல்ல, அது அதிகாரத்தின் மொழி என்பது நமக்குப் பழகிப்போன வாதம். ஐரோப்பிய மொழிகளில் புள்ளியியலைக் குறிக்கும் சொல்லே அரசு என்ற சொல்லின் வேரிலிருந்து பிறந்ததுதான். மக்களை எண்ணுகிறவன் ஆள்கிறவன். ஃபூக்கோவைப் படித்தவர்கள் இதை இன்னும் விரிவாகச் சொல்வார்கள். ஆனால் எண்ணுவதற்கான கருவியைச் செய்து ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தவரே, 'இதை வச்சு இன்னின்னதை எண்ண முடியாது' என்று சேர்த்து எழுதியும் வைத்த ஒரு நிகழ்வு கணினி வரலாற்றில் உண்டு. மேற்சொன்ன வாதத்திற்குள் அது எளிதில் அடங்குவதில்லை. அதனாலேயே அதைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

1993 ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் வலையின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. வலைப்பக்கங்களைக் கேட்டவருக்கு அனுப்பும் கணினியைத்தான் சர்வர் என்கிறோம். ஒவ்வொரு முறை யாரோ ஒன்றைக் கேட்கும்போதும் அது ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். இந்தப் பதிவேட்டிற்கு ஒரு பொது வடிவம் சீக்கிரமே உருவாகிவிட்டது. ஒரு வரியில் ஏழு தகவல்கள். எந்த முகவரியிலிருந்து, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு, எதைக் கேட்டார்கள், கிடைத்ததா, எத்தனை பைட் போனது என்பன ஐந்து. கிடைத்தால் 200, அப்படி ஒன்று இல்லையென்றால் 404. மீதி இரண்டு இடமும் கேட்டவரின் அடையாளத்திற்கென ஒதுக்கப்பட்டவை. பெரும்பாலும் அந்த இரண்டிலும் ஒரு சிறு கோடுதான் இருக்கும். வருகைப் பதிவேடு மாதிரிதான். ஆனா யாரும் கையெழுத்துப் போடாத பதிவேடு.

நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் சேரும் இந்த வரிகளை மனிதர் உட்கார்ந்து படிக்க முடியாது. சுருக்கிச் சொல்ல ஒரு நிரல் வேண்டும். 1994இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இருந்த ராய் ஃபீல்டிங் பெர்ல் மொழியில் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ ஸ்டாட்' எழுதினார். 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புள்ளியியல் ஆய்வகத்தில் இருந்த ஸ்டீஃபன் டர்னர் 'அனலாக்' எழுதினார். 1997இல் பிராட்ஃபோர்டு பாரெட்டின் 'வெபலைசர்' வந்தது. மூன்றும் காசில்லாமல், மூலநிரலோடு கிடைத்தன. பதிவேட்டின் வடிவம் பொதுவாக இருந்ததால் ஒரு ஊரில் எழுதியது எந்த ஊரிலும் ஓடியது. பயன்படுத்தியவர்கள் பிழைகளைச் சொல்லி எழுதினார்கள். அறிக்கையின் சொற்களைத் தங்கள் மொழிக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

இதை ஒரு பொற்காலமாக்கிப் பாட வேண்டியதில்லை. இந்தக் கொடை வெறுங்கையிலிருந்து வந்ததல்ல. பல்கலைக்கழகச் சம்பளம், ஆய்வுக்கூடத்து இயந்திரங்கள், அரசின் பணம் எல்லாம் பின்னால் இருந்தன. அந்த வசதி வாய்த்தவர்கள்தான் கொடுக்க முடிந்தது. அப்படியிருந்தும் விற்றிருக்கக்கூடிய ஒன்றை விற்காமல் விட்டார்கள் என்பது மிச்சமிருக்கிறது.

டர்னரின் ஆவணத்திற்கு வருகிறேன். கருவியோடு சேர்த்து அவர் வலை எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி எழுதியிருந்தார். படித்தவர் யார் என்று தெரியாது. எத்தனை பேர் என்று தெரியாது. எந்த வழியாக நடந்தார்கள், ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதும் தெரியாது. இதுதான் அதன் சாரம். காரணங்கள் எளியவை. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் சர்வருக்கு ஞாபகம் கிடையாது. ஒரே முகவரிக்குப் பின்னால் ஒரு கல்லூரியே இருக்கலாம். இடையில் இருக்கும் கணினி பிரதி எடுத்து வைத்திருந்தால் நூறு பேர் படித்தாலும் பதிவேட்டில் ஒரு வரிதான் விழும்.

சிறு தளம் ஒன்றின் பதிவேட்டை வெபலைசரில் போட்டுப் பார்த்து வந்தவன் என்ற முறையில் எனக்கும் இது தெரியும். பத்துப் படம் உள்ள ஒரு பக்கத்தை ஒருவர் திறந்தால் பதினோரு 'ஹிட்'. தேடுபொறிகளின் ரோபோக்கள் வந்து போவது தனி. 'எத்தனை பேருப்பா படிக்கிறாங்க?' என்று நண்பர்கள் கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான்: தெரியாது.

சந்தைக்கு இந்தத் 'தெரியாது' ஆகாது. 1994 அக்டோபரில் 'ஹாட்வயர்டு' தளத்தில் பட்டை விளம்பரங்கள் வந்தன. விளம்பரக்காரனுக்குத் தலைகள் வேண்டும். அதே ஆண்டில் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி உருவாக்கிய 'குக்கி', கடைக்கூடையில் எடுத்து வைத்ததை ஞாபகம் வைத்துக்கொள்ள வந்தது. ஆளை ஞாபகம் வைத்துக்கொள்வதில் போய் நின்றது. பிறகு பக்கத்துக்குள்ளேயே ஒரு துண்டு நிரல் புகுத்தப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, சந்தை இன்னும் திறமையாக எண்ணக் கற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை என்பதே. எண்ணுவதற்கு ஏற்றவராக வாசகரை மாற்றிக் கட்டமைத்தது. ஏட்டில் சிறு கோடாக இருந்தவருக்கு அவரைக் கேட்காமலேயே ஒரு எண் கொடுக்கப்பட்டது.

2005இல் கூகுள் 'அர்ச்சின்' நிறுவனத்தை வாங்கி, அந்த நவம்பரில் 'கூகுள் அனலிடிக்ஸ்' சேவையை வெளியிட்டது. அதுவும் இலவசம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்; தமிழில் நமக்கு இலவசம், கட்டற்றது என்று இரண்டு சொற்கள் உண்டு. அனலாக்கைக் கொடுத்தவர் கருவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஏடு உங்கள் வீட்டில் இருந்தது. புதிய இலவசத்திலோ கருவியும் அவர்களிடம், ஏடும் அவர்களிடம். நமக்குக் கிடைப்பது அறிக்கை, அவ்வளவுதான். 2022இல் ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள், ஐரோப்பியரின் தகவல் அமெரிக்காவுக்குப் போவதைக் காட்டி, இச்சேவையின் பயன்பாடு சட்டத்திற்கு ஒவ்வாதது என்றன. 2023 ஜூலையில் அந்தச் சேவையின் பழைய வடிவம் நிறுத்தப்பட்டது. 2024 ஜூலையோடு அதில் சேர்ந்திருந்த கணக்குகளைப் பார்க்கும் வழியும் மூடப்பட்டது.

பழைய பதிவேடும் கண்காணிப்புதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முகவரியும் ஒரு தடயமே. அது ஒருவரின் தனிப்பட்ட தகவலாகக் கூடும் என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2016இல் சொல்லியிருக்கிறது. எனவே டர்னரின் கருவி குற்றமற்றது என்று நான் வாதிடவில்லை. தன் எல்லை எது என்பதை அறிந்து, அதை வெளியே சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்ட கருவி அது என்கிறேன். வாசகரைப் பற்றி நமக்குத் தெரியாமல் இருப்பதை ஒரு தொழில்நுட்பக் குறையாகவே கடந்த முப்பது ஆண்டுகள் பேசி வந்திருக்கின்றன. பெயர் சொல்லாமல் வந்து படித்துவிட்டுப் போகும் உரிமை வாசகருக்கு அந்தக் குறையின் உள்ளேதான் இருந்தது.