காணாமப் போன துண்டுல என்ன இருந்துச்சு?

இன்னைக்கு ஒரு தேடல் கதை.

ரத்தப் புற்றுநோய்ல சிஎல்எல்-னு ஒரு வகை. நம்ம நோய் எதிர்ப்புப் படையில இருக்கிற பி செல்கள், சாக வேண்டிய நேரத்துல சாகாம ரத்தத்துல குவிஞ்சுக்கிட்டே போகும். இந்த நோயாளிகள்ல பாதிப் பேருக்கு மேல, 13ஆவது குரோமோசோம்ல ஒரே இடத்துல ஒரு துண்டு காணோம். அப்போ புற்றுநோயைத் தடுக்கிற ஜீன் அங்கதானே இருந்திருக்கணும்? 1990கள்ல பல ஆய்வுக்கூடங்கள் அந்த இடத்தைச் சல்லடை போட்டுத் தேடின. குற்றவாளி சிக்கவே இல்லை.

ஏன்னா, எல்லாரும் தேடினது புரதம் செய்யற ஜீனை. (பக் எங்க இருக்குன்னு முடிவு பண்ணிட்டு அந்த ஃபைலையே பத்து தடவை படிப்போமே, அதே கதைதான்.)

விடை வேற இடத்துல இருந்து வந்துச்சு. 1993-ல விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும், 1 மில்லிமீட்டர் நீளப் புழு ஒண்ணுல, சுமார் 22 எழுத்துதான் இருக்கிற ஒரு குட்டி ஆர்என்ஏவைப் பத்தி எழுதினாங்க. அது புரதம் எதுவும் செய்யாது. இன்னொரு ஜீனோட தூது ஆர்என்ஏ மேல ஒட்டி, அதுல இருந்து புரதம் வராம அமுக்கிடும். ‘புழுவோட விசித்திரம்’னு பலரும் கடந்து போயிட்டாங்க. 2000-ல இன்னொண்ணு கிடைச்சப்போதான், மனுஷன்கிட்டயும் இது இருக்குன்னு தெரிஞ்சுது. இதுக்குத்தான் மைக்ரோஆர்என்ஏன்னு பேரு.

2002-ல கார்லோ க்ரோச்சேவும் ஜார்ஜ் காலினும் பழைய இடத்துக்கே திரும்பிப் போனாங்க. அந்தத் துண்டுக்குள்ள ரெண்டு மைக்ரோஆர்என்ஏ: மிர்-15, மிர்-16. சுமார் 68 சதவீத நோயாளிகள்கிட்ட அது ரெண்டும் இல்லை, இல்லைன்னா குறைஞ்சு போயிருந்துச்சு. 2005-ல அதோட வேலையும் புரிஞ்சுது. செல் தன்னைத்தானே அழிச்சுக்கறதைத் தடுக்கிற பிசிஎல்2 புரதத்தை அது ரெண்டும் அடக்கி வைக்குது. வேடிக்கை என்னன்னா, 1980கள்ல பிசிஎல்2 ஜீனைக் கண்டுபிடிச்சதே க்ரோச்சே குழுதான்!

சரி, காணாமப் போனதைத் திருப்பி உள்ள வெச்சா போதுமே? அவ்வளவு சுலபமில்லை. மிர்-34-ங்கிற வேறொரு மைக்ரோஆர்என்ஏவைக் கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சுப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையா எதிர்வினை காட்டினதுல 4 பேர் இறந்துட்டாங்க. 2016-ல சோதனையை நிறுத்த வேண்டியதாப் போச்சு.

அதே 2016-லதான் வெனிடோகிளாக்ஸ் மாத்திரைக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. அது மைக்ரோஆர்என்ஏ எதையும் தொடறதில்லை, நேரா போய் பிசிஎல்2-வையே பிடிச்சு நிறுத்துது. சிஎல்எல் நோயாளிகளுக்கு இன்னைக்குக் கொடுக்கிற முக்கியமான மருந்துகள்ல அதுவும் ஒண்ணு.