புகை நீங்கிய அடுக்களை

குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் புதிதாக இல்லறம் ஏற்ற ஒரு பெண்ணின் சமையலைக் காட்டுகிறார். தாளிப்புப் புகை கண்ணில் படிய அவள் புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் இனிதென உண்ண, அவள் முகம் மலர்கிறது. அந்த மலர்ச்சியை வகுப்பறைகளில் நாம் பலபட வியந்திருக்கிறோம். புகை படிந்த கண்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அடுப்புப் புகைக்கும் ஒரு வரலாறு உண்டு.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அவ்வரலாறு மேற்கு மலையடிவாரத்தில் தொடங்குகிறது. மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கிய விறகும், கரிசல் நிலத்துப் பருத்திமாரும், சீமைக்கருவேல முள்ளும், எருவாட்டியுமே நெடுங்காலம் இவ்வூர்களின் எரிபொருள். விடியுமுன் சமைத்து முடித்து மில்லுக்குச் செல்ல வேண்டிய பெண்ணுக்கு ஈர விறகு ஒரு தண்டனை. 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. காட்டைக் காப்பது நியாயமே. ஆனால் விறகு பொறுக்கியவளுக்கு மாற்று அடுப்பு வேண்டுமல்லவா?

அந்த மாற்றுத்தான் நாம் ‘கேஸ்’ என்று சுருக்கிச் சொல்லும் எரிவாயு. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது அது. பெட்ரோலிலிருந்து கசியும் ஆவியில் புரோப்பேன் இருப்பதை 1910ஆம் ஆண்டளவில் கண்டு, அதை எரிபொருளாக்க வழிவகுத்தவர் அமெரிக்க வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங். பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகைக் குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரோப்பேனோ சுழியத்துக்குக் கீழ் 42 பாகை வரை ஆவியாகும். அதனால்தான் பனி கொட்டும் நாடுகளில், எரிவாயுக் குழாய் எட்டாத சிற்றூர்களில், வீட்டுக்கு வெளியே தொட்டி வைத்துப் புரோப்பேனால் வீட்டையே சூடாக்கிக் கொள்கிறார்கள். மார்கழிப் பனிக்கும் கதகதப்பு தேடாத நம் ஊர்களில் வெப்பத்தின் தேவை அடுக்களையோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் நன்மை ஒன்றே: வேண்டும்போது எரியும், வேண்டாதபோது அணையும், சாம்பலும் கரியும் இராது. மணமற்ற இவ்வாயுவில் கசிவை உணர்த்தவென்றே எத்தில் மெர்காப்டனைச் சேர்க்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் கசிந்தால் தரையில் தங்கும். ஆகவே சன்னலைத் திறந்து வைப்பதே முதற்பாடம்.

இந்தியன் ஆயிலின் ‘இண்டேன்’ 1965இல் வந்தது. பிறகும் நெடுநாள் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு அது ஒரு தகுதிச் சின்னமாகவே இருந்தது. 2007இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இதற்கிடையே, 1980களிலேயே குஜராத் கிராமங்களின் சமையற்கூடப் புகையை அளந்து காட்டிய கிர்க் ஸ்மித் போன்றோரின் ஆய்வுகள் ஓர் உண்மையை நிலைநாட்டியிருந்தன: அடுப்புப் புகை கண்ணோடு நிற்பதில்லை, பெண்களின் நுரையீரலையும் மடியிலிருக்கும் குழந்தையின் மூச்சையும் அது கெடுக்கிறது.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை விறகடுப்பில் கிண்டும் வழக்கம் இன்றும் உண்டு; சுவைக்காக நாம் அதை விரும்புகிறோம். ஆனால் கடையில் தேர்வாக எரியும் விறகு, குடிசையில் வேறு வழியின்றி எரிகிறது. சிலிண்டர் தீர்ந்தபின் மறுசிலிண்டருக்குக் காசில்லாத வீட்டில், மூலையில் கிடந்த மண்ணடுப்பு மீண்டும் புகைகிறது. இணைப்புகளை எண்ணுவதோடு இவ்வரலாறு முடியாது. அந்த மறுசிலிண்டர் எல்லா வீட்டுக்கும் எட்டும் நாளில்தான் கூடலூர் கிழார் கண்ட கண்களின் புகை கலையும்.